கம்பம் ஊதாத பெயர்

கம்பத்தை நட்ட அன்று எங்களுக்கு அரை நாள் வேலை நின்றது.

அது பெரிய கம்பம் ஒன்றும் இல்லை. ஆள் உயரம், தொடை கனம், உச்சியில் ஒரு விளக்கு. பால்வாடிக் கொட்டகை வாசலில் குழி எடுத்து, நாங்களே கலவை போட்டு நிறுத்தினோம். இருபத்தாறு மாடிக்கு அஸ்திவாரம் போட்ட கைகளுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று சிரித்துக்கொண்டுதான் செய்தோம்.

"சுத்தி அம்பது மீட்டர் இதோட எல்லை," என்றாள் கம்பத்தைக் கொண்டுவந்த கம்பெனிப் பெண். செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்து மடியில் கம்ப்யூட்டர் வைத்திருந்தாள். "தரையில மட்டும் இல்லக்கா. பந்து மாதிரி. மேலயும் அம்பது மீட்டர் போவும், கீழயும் போவும்."

"பூமிக்குள்ளாறயுமா? அப்ப பெருச்சாளிகூட கேட்டுட்டுத்தான் வரணும்," என்றாள் என்னோடு சித்தாள் வேலை செய்யும் சடையம்மா.

"பெருச்சாளிக்கு விதை கெடையாதே," என்று அந்தப் பெண்ணும் சிரித்தாள். பிறகு விளக்கினாள். குழந்தைகளிடம் தப்பாக நடந்து கோர்ட்டில் தண்டனை வாங்கியவன் பெயர் ஒரு பட்டியலில் ஏறும். ஏறினால் அவன் மணிக்கட்டுத் தோலுக்கு அடியில் அரிசி அளவில் ஒரு விதை வைப்பார்கள். பால்வாடி, பள்ளிக்கூடம் எங்கேயும் அவன் நெருங்கக் கூடாது. அந்தக் கை எல்லைக்குள் வந்தால் கம்பம் சிவந்து மில் சங்கு மாதிரி ஊதும். பத்து நிமிடத்தில் போலீஸ் வரும்.

"விதை இல்லாதவன் வந்தா?"

கேட்டது என் மகள் நதியா. கையில் மண்வெட்டியோடு எல்லோருக்கும் பின்னால் நின்றிருந்தாள். அவள் வேலை நேரத்தில் பேசுகிறவளே இல்லை.

"விதை இல்லாதவங்க வந்தா ஏன் ஊதணும்? அவங்க பேரு பட்டியல்லயே இல்லையே."

நதியா மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டாள். மணல் மேட்டுக்குப் போய்விட்டாள்.

கம்பத்துக்குப் பக்கத்தில் சட்டத்தை எழுதி ஒரு பலகை மாட்டினார்கள். பதினோரு வரி. பால்வாடியைப் பார்த்துக்கொள்ளும் சகாயமேரி டீச்சர் மத்தியானம் பிள்ளைகள் தூங்கியதும் எங்களில் வேண்டியவர்களுக்கு எழுத்து சொல்லித் தருவார். இரண்டு வருடமாக நானும் போகிறேன். நாற்பத்தாறு வயதில் ‘ழ’ எழுதப் பழகுவது, ஜல்லி சுமப்பதைவிடக் கஷ்டம். பலகையையே பாடப் புத்தகமாக வைத்துக்கொண்டு நாளைக்கு ஒரு வரி என்று படித்தேன். எட்டாம் நாள் எட்டாவது வரி வந்தது. ‘இத்தகைய குற்றத்தை அறிந்தும் மறைத்தவர் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்படுவர். ஏழு ஆண்டுகளுக்கு இவ்வெல்லை அவர்களுக்கும் பொருந்தும்.’

"மறைச்சவங்கன்னா யாரு டீச்சர்?"

"தெரிஞ்சும் போலீசுக்குச் சொல்லாதவங்கக்கா. அம்மாவா இருந்தாலும், கூடப்பொறந்தவங்களா இருந்தாலும்."

"அவங்களுக்கும் விதையா?"

"அவங்களுக்கும்தான்." சொல்லிவிட்டு, சரியாகவே இருந்த ஒரு பிள்ளையின் போர்வையை டீச்சர் மறுபடி சரி செய்தார்.

ஒன்பதாவது வரியை நான் படிக்கவே இல்லை. அன்று மாலை முழுக்கக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. நாங்கள் தங்கும் கொட்டகையிலிருந்து குழாயடிக்கும், குழாயடியிலிருந்து கொட்டகைக்கும் காலிக் குடத்தோடு நடந்தேன்.

நதியாவுக்கு எட்டு வயதில் அது நடந்தது. அப்போது வேறொரு கட்டடத்தில் இருந்தோம். செய்தவன் ஏகாம்பரம். எங்கள் கன்னியப்பன் மேஸ்திரியின் மச்சான். எல்லோரும் ஒரே ஊர், சேர்ந்தே வேலைக்குப் போகிற ஒரே செட்டு. நதியா என்னிடம் ஓடிவந்து சொன்னாள். நான் மேஸ்திரியிடம் ஓடினேன். போலீசுக்குப் போனால் செட்டு உடையும், எல்லோருக்கும் வேலை போகும், பெண் பிள்ளைக்குப் பெயர் கெடும் என்று ஆளுக்கு ஒன்று பேசினார்கள். என் புருஷன் அதற்கு முந்தின வருடம் சாரத்திலிருந்து விழுந்து செத்திருந்தார். எனக்காகப் பேச ஆள் இல்லை.

மூன்று செங்கல் நட்டு மஞ்சள் பூசிய முனீஸ்வரன் முன்னால் கற்பூரம் ஏற்றினார்கள். ஏகாம்பரம் அதை உள்ளங்கையால் அடித்து அணைத்து, இனிப் பிள்ளைகள் இருக்கும் பக்கமே தலை வைக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தான். மேஸ்திரி ஒரு தாளில் எழுதினார். "இவன் இனிமே நம்ம செட்டு இருக்கற எடத்துக்கு வரமாட்டான்னு எழுதியிருக்கு. வெய்யி," என்றார். கட்டைவிரலை வைத்தேன். மறுநாள் அவன் ஊரைவிட்டே போய்விட்டான். கற்பூரம் அணைத்த சத்தியத்தை மீறினவனுக்குக் கை அழுகிவிடும் என்பார்கள். நான் பதினான்கு வருடம் அதை நம்பினேன்.

கம்பம் நட்டு ஒரு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவன் வந்தான். நீலச் சட்டை, கழுத்தில் அட்டை. கம்பத்தைத் துடைக்க, பேட்டரி பார்க்க, வருகிறவர் போகிறவரைக் கவனிக்க ஒரு காவலாள் வேண்டும் என்பது பலகையில் இருக்கிற நாலாவது வரி. பட்டியலில் பெயர் இல்லை என்கிற சான்று இருந்தால் போதும். ஏகாம்பரத்திடம் இருந்தது. மேஸ்திரி சிபாரிசும் இருந்தது.

அவன் கை அழுகவில்லை. அந்தக் கையைத்தான் கம்பத்தின் மேல் வைத்தான். விளக்கு பச்சையாக எரிந்தது.

என் தலையில் கலவைச் சட்டி. எத்தனை நேரம் அப்படியே நின்றேன் என்று தெரியவில்லை. கொத்தனார் மேலேயிருந்து கத்திய பிறகுதான் கால் நகர்ந்தது. திரும்பிப் பார்த்தால், நதியா பால்வாடிக்குள் போய்த் தன் மகள் தன்ஷிகாவைத் தூக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். தன்ஷிக்கு மூன்று வயது. மணல் மேட்டு ஓரமாக உட்கார வைத்து, கையில் ஒரு கரண்டியைக் கொடுத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தாள்.

அரை மணி நேரத்தில் இன்ஜினியர் வந்துவிட்டார். "வேல நடக்கற எடத்துல கொழந்தையா? அதுக்குத்தான பால்வாடி வெச்சிருக்கு? இன்னொரு தடவ பாத்தேன், ரெண்டு பேரையும் கேட்டுக்கு வெளிய விட்டுருவேன்."

தன்ஷியைத் திரும்பக் கொண்டுபோய் விட்டோம். வேறு வழி இல்லை. எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் இதே விதிதான். அன்று நான் தண்ணீர் குடிக்க, சும்மாடு மாற்ற, ஒதுங்க என்று சாக்குச் சொல்லிப் பதினோரு தடவை பால்வாடிப் பக்கம் போய் வந்தேன். "இன்னாக்கா, வயித்தால போவுதா?" என்று சடையம்மா கேலி செய்தாள். பன்னிரண்டாவது தடவை போனபோது தன்ஷி அவன் விரலைப் பிடித்துக்கொண்டு கம்பத்தடியில் நின்றிருந்தாள்.

"ஆயா, தாத்தா லைட்டு காட்றாரு! பச்ச!"

ஏகாம்பரம் என்னைப் பார்த்தான். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "நல்லா கீறியா பூங்காவனம்?" என்று ஊரில் கேட்பதுபோல் கேட்டான்.

நான் தன்ஷியைப் பிடுங்கி உள்ளே டீச்சரிடம் விட்டுவிட்டு நேராக மேஸ்திரியிடம் போனேன். அவர் சிமென்ட் கொட்டகையில் மூட்டை மேல் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அவன் போவணும். இன்னிக்கே."

"எவன்?"

"எவன்னு உனக்குத் தெரியாதா?"

"கத்தாத பூங்கா. அவனுக்கும் வயசாயிடுச்சு. பொண்டாட்டி ஓடிட்டா. பொழைக்க வழி இல்லன்னு வந்து நிக்கறான். அப்பறம், கம்பமே பச்ச காட்டுது. கெவருமெண்டுக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமா?"

"கம்பத்துக்கு யாரு சொல்லியிருக்கா? நாமதான் சொல்லவே இல்லையே. நான் போய்ச் சொல்றேன்."

மேஸ்திரி பீடியை வாயிலிருந்து எடுத்தார். எழுந்து, மூலையில் இருந்த தகரப் பெட்டியைத் திறந்து, பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்த ஒரு தாளை எடுத்தார். மடிப்பில் கிழியப் பார்க்கிற பழைய தாள்.

"இத மறந்துட்டியா? உன் ரேகை. நீ போய்ச் சொன்னா, இவ்ளோ நாளா ஏன் சொல்லலன்னு மொதல்ல உன்னத்தான் கேப்பான். உன் கையிலதான் விதையப் போடுவான். கொட்டா எல்லைக்குள்ளாறதான கீது? பேத்தியோட படுத்துக்க முடியுமா உன்னால? நல்லா பாரு."

பார் என்று என் கையிலேயே கொடுத்தார். எனக்குப் படிக்கத் தெரியாது என்ற தைரியம். நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். அவருடைய பீடி பாதி தீரும்வரை படித்தேன்.

‘என் மகள் நதியா, வயது 8, ஏகாம்பரம் பேரில் சொன்னது பொய். விளையாட்டுத்தனமாகச் சொல்லிவிட்டாள். அதற்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இனி இதைப் பற்றி எங்கும் பேச மாட்டோம்.’ கீழே ஊதா மையில் என் கட்டைவிரல். அவன் வரமாட்டான் என்று அதில் ஒரு வரி இல்லை. அவனைப் பற்றி அதில் எதுவுமே இல்லை.

"இன்னாமே அப்படிப் பாக்கற? உனக்குத்தான் எழுத்து தெரியாதே."

"இப்பத் தெரியும்ணே."

தாளை மடித்து ரவிக்கைக்குள் வைத்தேன். அங்கேயிருந்து எடுக்க அவர் கை வராது. வாசல்வரை திட்டிக்கொண்டே பின்னால் வந்தார், அதற்கு மேல் வரவில்லை.

வேலை விட்டதும் நதியாவைத் தொட்டியடிக்குக் கூப்பிட்டுத் தாளைக் கொடுத்தேன். அவள் பிரிக்கக்கூட இல்லை.

"தெரியும்," என்றாள்.

"இன்னாடி தெரியும்?"

"எனக்கு அப்ப மூணாங்கிளாஸும்மா. மேஸ்திரி எழுதும்போது பின்னாடிதான நின்னேன். ‘பொய்’னு எழுதினாரு. படிச்சேன். அப்பறம் நீ விரல வெச்ச."

நான் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். "அத எங்கிட்ட ஏன் சொல்லல நீ?"

"சொன்னதுக்குத்தானம்மா அந்தப் பேப்பரே."

தண்ணீர்க் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் அதை இறுக்கி மூடினாள். அது மறுபடி சொட்டியது, மறுபடி மூடினாள்.

"எட்டாவது வரி படிச்சியா?" என்று கேட்டாள்.

"படிச்சேன்."

"ஏழு வருசம். நீ திரும்பி வரப்ப தன்ஷிக்குப் பத்து வயசு."

"உம் பேரும் வெளிய வருமே நதியா. உம் புருஷன் கேட்டா..."

"எம் பேரு இப்ப எங்க இருக்கு? இதுலதான் இருக்கு, பொய்க்காரின்னு." தாளை என் கையிலேயே திணித்தாள். "போன்னு நான் சொல்ல மாட்டேன். போவாதன்னும் சொல்ல மாட்டேன். உன் விரலு, நீ பாத்துக்க."

அன்று ராத்திரி தன்ஷி வழக்கம்போல என் வயிற்றின் மேல் காலைப் போட்டுத் தூங்கினாள். காலையில் அந்தக் காலை மெல்ல எடுத்து நகர்த்தி வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

குழந்தைகள் நல அலுவலகத்தில் ஓர் அதிகாரி அம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். தாளை இரண்டு முறை படித்தார். "இத நீங்க குடுத்தா இது உங்களுக்கு எதிராவும் சாட்சி ஆயிடும். புரியுதாம்மா?" என்றார்.

"புரியுதும்மா."

"யோசிக்கணும்னா யோசிச்சிட்டு வாங்க."

"யோசிச்சா வரமாட்டேன்," என்றேன்.

மை டப்பாவை என் பக்கம் தள்ளினார். பேனா கேட்டு வாங்கி, பூங்காவனம் என்று எழுதினேன். ‘ன’வுக்கு ஒரு சுழி கூடிவிட்டது. அழித்து எழுதலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.

அன்றைக்கே ஏகாம்பரத்தைப் பிடித்தார்கள். எட்டாம் நாள் என் மணிக்கட்டில் விதை வைத்தார்கள். என் குற்றத்துக்கு என் ரேகையே சாட்சி, அதனால் சட்டென்று முடிந்துவிட்டது. மேஸ்திரிக்கும் விதை, அவருக்குத் தாளில் இருந்த அவர் கையெழுத்தே சாட்சி. ஏகாம்பரத்துக்கோ கோர்ட்டு இன்னும் விசாரிக்க வேண்டும், தண்டனை வந்தால்தான் பட்டியல். ஒரு மாதத்தில் ஜாமீனில் வெளியே வந்துவிட்டான். அவன் வேலை போயிற்று. பால்வாடிப் பக்கம் வரக் கூடாது என்று கோர்ட்டு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறது. தாள் கம்பத்துக்குத் தெரியாது. இன்றைக்கு அவன் வந்து கை வைத்தாலும் விளக்கு பச்சையாகத்தான் எரியும்.

கம்பம் முதன்முதலாக ஊதியது எனக்குத்தான். விதை வைத்த மறுநாள் சாப்பாட்டு மணி அடித்ததும், பழகிய கால் பால்வாடியைப் பார்த்து நடந்துவிட்டது. சங்குச் சத்தத்தில் பிள்ளைகள் எல்லாம் வீரிட்டு அழுதார்கள். தன்ஷி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தபடி நின்றாள். அவளிடம் போகவும் முடியாமல், முதுகைக் காட்டவும் முடியாமல், பின்பக்கமாகவே நடந்து எல்லைக் கோட்டைத் தாண்டினேன்.

மேஸ்திரி போனதும் செட்டு உடைந்தது. பாதிப் பேர் ஊருக்குப் போய்விட்டார்கள். போகும்போது என் பெயரைச் சொல்லி மண்ணை வாரி இறைத்துவிட்டுத்தான் போனார்கள். இருக்கிற தாய்மார்கள் முறை வைத்துக்கொண்டு நாளைக்கு ஒருத்தியாகப் பால்வாடி வாசலில் உட்காருகிறார்கள். அதைத் தொடங்கியது சடையம்மா. "கம்பத்துக்குக் கண்ணு இல்லடி, எனக்கு ரெண்டு கீது," என்றாளாம்.

எனக்கு இப்போது பதினெட்டாவது மாடியில் வேலை. எல்லை அதற்குக் கீழேயே முடிந்துவிடுகிறது. பின்பக்கத்து சாமான் லிஃப்டு எல்லைக்கு வெளியே இருப்பதால் அதில் ஏறி வருகிறேன். படுக்கை, ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடைக்குப் பின்னால் ஓர் அறையில். நேராக வந்தால் ஏழு நிமிடம். நடுவில் ஒரு பள்ளிக்கூடமும் இரண்டு அங்கன்வாடியும் இருப்பதால் சுற்றிச் சுற்றி நாற்பது நிமிடம் நடக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நதியா தன்ஷியைக் கோட்டுக்கு வெளியே கூட்டிவந்து ஒரு மணி நேரம் விடுகிறாள். கூடவே நிற்கிறாள். அதிகம் பேசுவதில்லை. போன வாரம் எனக்கு ஒரு டிபன் டப்பாவில் கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்தாள். உப்பு கொஞ்சம் தூக்கல். நான் சொல்லவில்லை.

மத்தியானம் பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் மேலேயிருந்து எட்டிப் பார்ப்பேன். தகரக் கூரைதான் தெரியும். இருந்தாலும் பார்ப்பேன். நேற்று அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோது லிஃப்டுக் கதவு திறந்தது. சகாயமேரி டீச்சர் இறங்கினார். உயரம் என்றால் பயப்படுகிறவர். சுவரைப் பிடித்துக்கொண்டே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பசங்கள யாரு பாக்கறாங்க டீச்சர்?"

"நதியா ஒக்காந்திருக்கா. இன்னிக்கு அவ முற."

காற்றில் பறந்த முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். பிறகு என் மணிக்கட்டைப் பார்த்தார்.

"ஊசி வலிக்குமாக்கா?"

எறும்புக் கடி மாதிரிதான் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டேன்.

"எனக்கும் ஒரு பேரு தெரியும்," என்றார். "எங்க வீட்லயே. எங்கண்ணன். ஆறு வருசமாத் தெரியும். பக்கத்து வீட்டுப் புள்ள. எங்கம்மா எங்கையப் புடிச்சிக்கிட்டு அழுதாங்க. நான் வாய மூடிக்கிட்டேன். அந்த எட்டாவது வரிய உங்களுக்குச் சொல்லிக் குடுத்தேன் பாருங்க, அன்னிலேருந்து எனக்குத் தூக்கம் இல்ல."

எனக்குள் முதலில் ஓடியது அவர் அண்ணனும் இல்லை, அந்தப் பிள்ளையும் இல்லை. இவர் கையில் விதை ஏறினால் பால்வாடிக்குள் வர முடியாது. வேறு டீச்சர் கிடைக்க எத்தனை மாதம் ஆகுமோ. அதுவரை பால்வாடி பூட்டிக் கிடக்கும். நதியா தன்ஷியை எங்கே விடுவாள்? இன்ஜினியர் கேட்டுக்கு வெளியே தள்ளுவார். அதற்கு மேல் எனக்கு எட்டிப் பார்க்க ஒரு தகரக் கூரைகூட இருக்காது. ‘நடந்தது நடந்துபோச்சு டீச்சர், புள்ளைங்களப் பாருங்க’ என்கிற பேச்சு தொண்டைவரை வந்துவிட்டது. கற்பூரம் ஏற்றிய அன்று எனக்குச் சொன்னவர்கள் எல்லோரும் இதே குரலில்தான் சொன்னார்கள்.

எழுந்தேன். ஒரு தடவை விளிம்புவரை நடந்து திரும்பி வந்தேன்.

"உங்க அண்ணன் இருக்கற எடத்துல இப்ப கொழந்த எதுனா கீதா டீச்சர்?"

"மாடியில புதுசா குடி வந்திருக்காங்க. நாலு வயசுல ஒண்ணு."

கீழேயிருந்து லிஃப்டு மணி அடித்தது. ஜல்லி ஏற்றிக்கொண்டு வருகிறது. இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும். நான் டீச்சர் கையைப் பிடித்து எழுப்பினேன்.

"இதுலயே எறங்கிடுங்க. நேரா அந்த ஆபீசுக்குப் போங்க, வீட்டுக்குப் போவாதீங்க. இன்னிக்கே சொல்லிடுங்க டீச்சர். நாளைக்கு வந்து கேட்டீங்கன்னா, போவாதீங்கன்னு நானே சொல்லிடுவேன்."